கத்தி தொடாத கை

அவளுக்கு யாரும் கை கொடுக்க முடியாது. நீட்டினால் வாங்க மாட்டாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டு, சிரித்து, ஓரடி பின்னால் நகர்ந்துவிடுவாள். போதகரை நாங்கள் ஐயர் என்போம். எங்கள் ஐயர் நீட்டிய கைக்கும் அதே கும்பிடுதான். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார், பட்டாளத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், கையை நீட்டிக்கொண்டு வந்தார். இவள் கும்பிட்டாள். அவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற ஆளின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அகம்பாவம் என்றார்கள். அகம்பாவம் ஒன்றும் இல்லை. ஒருவர் பிரியத்தில் கொஞ்சம் அமர்த்திப் பிடித்தால் போதும், சுண்டுவிரல் ஒரு வாரத்துக்குச் சொன்ன பேச்சுக் கேட்காது என்பாள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே போனை எடுத்துத் தட்டிப் பார்ப்பீர்கள். கறுப்பு உடுப்பில், பெரிய பியானோவின் முன்னால், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு இருக்கிற படம் வரும். லண்டனில் வாசித்தது, வியன்னாவில் வாசித்தது, ஜப்பானில் வாசித்தது எல்லாம் வரும். அதையெல்லாம் படித்தவர்கள் எழுதியாகிவிட்டது. நான் எழுத்துக்கூட்டுகிறவள். எனக்குத் தெரிந்தது அவளுடைய கை. என் கூடப்பிறந்த அக்காவின் மகள் அவள். பிறந்து விழுந்ததும் அந்தக் கையைத் துடைத்தவள் நான்.

முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று பெயர். நானும் அக்காவும் பாவாடை கட்டுகிற வயதிலேயே அங்கே போய் உட்கார்ந்தவர்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். பட்ட இடம் வேகும், கறுக்கும், தோல் உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவோம். அது சாம்பலையும் தாண்டி உள்ளே இறங்கும். கோயிலில் நற்கருணைக்குக் கையேந்தி நிற்கும்போது, முகத்தைப் பார்க்காமலே எது அண்டியாபீஸ் கை என்று ஐயர் சொல்லிவிடுவார்.

பள்ளிக்கூடம் விடுமுறையானால் பிள்ளைகளும் எங்களோடு வருவார்கள். பருப்பின் மேல்தோலை நகத்தால் சுரண்டி எடுக்கிற வேலை அவர்களுக்கு. இவள் மட்டும் அக்கா பக்கத்தில் இரண்டு கையையும் முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேற்பார்வை பார்க்கிற ஆள் ஒருநாள் நின்று பார்த்தார்.

"உனக்க பிள்ளைக்க கையில என்னம்மா, கோழி அட வச்சிருக்கா?"

அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. "ஆமா சார். பொரிக்கட்டு, காட்டுகேன்" என்றாள்.

சங்கதி இதுதான். அவள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் ஒரு பியானோ கிடந்தது. வெள்ளைக்கார மிஷனரி அம்மாமார் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பாட்டு டீச்சர் அதைத் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்து இவள் போய்த் தொட்டிருக்கிறாள். கொஞ்ச நாளில் டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினாள். "இந்தப் பிள்ளைக்க விரலுக்கு ஒரு கேடும் வராம பாத்துக்கிடுங்க" என்றாள். மற்ற தாய்மார் என்றால் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மறந்திருப்பார்கள். டீச்சரும் பேச்சுக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். அக்கா அதை பைபிளில் எழுதியிருக்கிற கட்டளை மாதிரி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிள்ளைக்குக் கத்தி கிடையாது. தேங்காய் திருவக் கிடையாது. மீன் கழுவக் கிடையாது. கிணற்றுக் கயிறு கிடையவே கிடையாது.

பிள்ளையும் அம்மையை மிஞ்சினாள். கதவை முழங்கையால் திறப்பாள். அலமாரியை இடுப்பால் சாத்துவாள். எங்கள் வீட்டு நாயைக் காலால் தடவிக் கொடுப்பாள். நாய்க்கு அது பழகிப்போய், வேறு யாராவது கையால் தடவினால் சந்தேகமாகப் பார்க்கும். எனக்குப் பிள்ளை பிறந்திருந்த சமயம் தொட்டிலை ஆட்டச் சொன்னேன். கால் பெருவிரலில் கயிற்றை மாட்டி ஆட்டினாள். பிள்ளை நன்றாகத்தான் தூங்கினான்.

ஊர் சும்மா இருக்குமா? அந்தக் கைக்கு ஒரு பெயர் வைத்தது. "ஒண்ணுக்கும் ஆகாத கை." முதலில் சொன்னது ஞானபாய் அக்கா. எங்கள் சபையில் ஞானபாய் அக்காதான் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. பதவி ஒன்றும் கிடையாது, குரல்தான். அவள் எழுந்தால் பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்திருக்கும். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது ஊருக்குத் தீர்ப்பு. அக்காவுக்கு மகள் உலகமெல்லாம் போய் வாசித்ததில் சந்தோஷம் உண்டு. ஆனால் அவள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்த ஆசை வேறே ஒன்று. ஊர் தன் வாயால் வைத்த பெயரை ஊரே மாற்ற வேண்டும், அதைத் தான் உயிரோடிருந்து பார்க்க வேண்டும். அதற்கு மகள் வியன்னாவில் வாசித்துப் பிரயோஜனம் இல்லை. இங்கே வாசிக்க வேண்டும்.

கிணற்றடிச் சம்பவத்தைச் சொன்னால்தான் அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று புரியும். 

மகள் அப்போது பெரிய பெண். சென்னைக்கு வெளிநாட்டிலிருந்து சில பேர் வருகிறார்கள், பியானோ வாசிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்து ஒருவரைப் படிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று தகவல். டீச்சர் பெயர் கொடுத்திருந்தாள். மறுநாள் ரயில். அன்றைக்கு நல்ல மழை. அக்கா தண்ணீர் இறைக்கப் போனவள் பாசியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பு போய்விட்டது. எழுந்திருக்க முடியவில்லை. மகள் ஓடிப்போய்க் குனிந்தாள்.

"தொடாத" என்றாள் அக்கா. விழுந்து கிடந்தபடியே சொன்னாள். "என்னைத் தொடாத மக்ளே. போய் சித்திய விளி."

அவள் தொடவில்லை. மழையில் நனைந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் போய்த் தூக்கினோம். நாங்கள் தூக்குகிறதைக் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தை நான் எங்கும் விவரித்தது கிடையாது, இப்போதும் முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் ஞானபாய் அக்கா நின்றிருந்தாள். அவள் பார்த்தது, விழுந்து கிடக்கிற தாயையும் தூக்காமல் நிற்கிற மகளையும்தான். அக்கா சொன்னது அவள் காதில் விழவில்லை.

மகள் சென்னைக்குப் போனாள், வாசித்தாள், அந்த ஆட்கள் அவளையே கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா அன்று முதல் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். தூர யாத்திரை கிடையாது, விமானம் கிடையாது. பெற்ற தள்ளையைத் தூக்காத பிள்ளை என்று ஊரில் பேச்சு. நான்தான் தொடாதே என்றேன் என்று அக்கா எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். தாய் மகளை விட்டுக்கொடுப்பாளா என்று சிரித்தார்கள்.

அக்காவால் போக முடியாததால் ஒரு தடவை நான் போனேன். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் தெருவில் சில பேருக்கு வயிறு எரியும். ஜெர்மனியில் அவள் வீடு. ஒரு அறை முழுவதும் பியானோ. மிச்சம் இருந்த இடத்தில்தான் அவள் குடியிருந்தாள். அடுக்களையில் கத்தியே இல்லை. வெங்காயம் நறுக்கியே பாக்கெட்டில் வாங்குவாள். நான் ஒரு கத்தி வாங்கிக்கொண்டு வந்து வைத்தபோது, பாம்பைப் பார்த்த மாதிரி விலகி நின்றாள்.

"சித்தி, அத எனக்குத் தெரியாத இடத்துல வச்சுக்கிடு."

"ஏட்டி, கத்தி வந்து உன்ன கடிக்குமா?"

"எனக்கு ஆசையா இருக்கும் சித்தி. ஒரு வெள்ளரிக்காய வட்டம் வட்டமா அரியணும்னு எவ்வளவு ஆசை தெரியுமா? அதான் பேடி, தொட்டுருவேனோன்னு."

சோறு மட்டும் கையால்தான் தின்றாள். குழம்பை உள்ளங்கையில் வழிய விட்டுப் பிசைந்து, எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரியே தின்றாள். அந்தக் கை வேறு எந்த வேலைக்கும் வளைந்ததை நான் பார்த்ததில்லை.

வேறு வேலை இல்லை என்று சொன்னேனே தவிர, அதன் வேலையைப் பார்த்த பிறகு என் வாய் அடைத்துப்போயிற்று. காலையில் உட்கார்ந்தால் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். மீன் குழம்பு கூட்டி, கொதிக்க வைத்து, இறக்குவேன். அதே துண்டு. துணி துவைத்துக் காயப்போட்டு வருவேன். அதே துண்டு. எனக்குத் தலை சுற்றியது.

"அது வந்தாச்சில்லா மக்கா. பின்னே எதுக்கு அதையே போட்டு இடிச்சுட்டு இருக்கே?"

"வரல்ல சித்தி. வந்த மாதிரி இருக்கு."

நாள் முழுவதும் அண்டி உடைத்துவிட்டு வருகிறவளுக்குத் தோளில் ஒரு வலி இருக்கும். கையைத் தூக்கித் தலை வார முடியாது. சாயங்காலம் அவள் எழுந்து வரும்போது அதே மாதிரி தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் எண்ணெய் காய்ச்சி, விரலில் படாமல், தோளில் மட்டும் தேய்த்துவிட்டேன். அப்போது அவளாகவே கிணற்றடியைப் பற்றிப் பேசினாள்.

"அன்னைக்கு அம்மை தொடாதேன்னு சொன்னா, நானும் தொடல்ல. தொட்டிருக்கணுமா சித்தி?"

நான் இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தேன்.

"தூக்கியிருந்தா, இந்தக் கை எப்படி வாசிச்சாலும் போகட்டுன்னு விட்டுருக்கலாம். தூக்காத கையில்லா. அதுக்கு இனி சுமாரா வாசிக்க உரிமை இல்ல." 

அந்த வாரம் அவள் கச்சேரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மாளிகை மாதிரி ஒரு மண்டபம். எல்லோரும் கறுப்பு உடுத்து வந்திருந்ததைப் பார்த்து யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் இரும வேண்டுமென்றாலும் பாட்டு நிற்கிற வரை காத்திருந்தார்கள். அவள் வந்து குனிந்து வணங்கி, உட்கார்ந்து, வாசித்தாள். முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி, நிற்கவே இல்லை. போனாள், திரும்ப வந்தாள், போனாள், திரும்ப வந்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோளைத் தட்டி, "எனக்க அக்காளுக்க மகளாக்கும்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் விரலில் இருந்த கறுப்புத் தழும்புகளைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டாள். "அண்டி" என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

ஊருக்கு வந்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன். கைதட்டினதைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க தட்டுவாவ. இங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வருஷந்தோறும் மகள் போனில் கேட்பாள், அம்மைக்கு என்ன வேண்டும் என்று. ஒன்றும் வேண்டாம் என்பது அக்காவின் பதில். போன வருஷம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிற சமயம் அதே கேள்வி வந்தது. அக்கா போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நம்ம கோயில்ல வந்து வாசி" என்றாள். மகள், "வாறேன்" என்றாள்.

சபைக் கமிட்டியில் சும்மா விட்டார்களா? வார்த்தை இல்லாத பாட்டைக் கோயிலில் வாசிக்கலாமா என்று ஒருவர் எழுந்தார். தாவீது ராஜா சுரமண்டலம் வாசித்தபோது வார்த்தை இருந்ததா என்று ஐயர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசிக்கட்டும், அதற்குப் பிறகு அசனம் என்று முடிவாயிற்று. அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பண்டிகையில் பிரசங்கத்துக்கு வராதவர்கள்கூட அசனத்துக்கு வந்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்துப் பழைய பியானோவைக் கரையான் தின்று வெகு காலம் ஆகிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கம்பளியில் சுற்றியிருந்தது. வடசேரிச் சந்தையில் மூட்டை இறக்குகிற ஆட்களைக் கூப்பிட்டிருந்தோம். 

"ஏலே, பைய பிடி. இது ஆனைல்லா."

"ஆனைன்னா காலு எங்கலே?"

"காலு பொறத்தால ஆட்டோல வருகு."

உண்மையிலேயே கால்கள் தனியாக ஆட்டோவில்தான் வந்தன. மூன்று கால்களையும் முறுக்கி மாட்டி, பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, கூடவே வந்த ஆள் ஒருவர் சுருதி பார்க்க உட்கார்ந்தார். டங் டங் என்று ஒரே கட்டையை அவர் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இதுதானா கச்சேரி? இதுக்கா ஜெர்மனில காசு குடுத்து போறாவ?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, பெண்கள் எல்லோரும் பாய் விரித்துக் காய் அரிய உட்கார்ந்தோம். அசனத்துக்கு முந்தின நாள் இது எங்கள் வழக்கம். டாக்டர் வீட்டம்மாவும் வருவாள், தெருக் கூட்டுகிறவளும் வருவாள். ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சேனைக்கிழங்கை அரிந்து, ஒரே மாதிரி கை அரிக்கச் சொறிந்துகொள்வோம். வராதவள் சபையை மதிக்காதவள். இவளும் வந்தாள். அக்கா நாற்காலியில் இருந்தாள், இவள் அவள் காலடியில் பாயில் உட்கார்ந்தாள். எல்லோரிடமும் பேசினாள், யார் யார் வீட்டில் யார் யார் துபாயில், மஸ்கட்டில் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். ஆனால் கை மடியில்தான் இருந்தது.

ஞானபாய் அக்கா ஒரு கத்தியை அவள் முன்னால் தள்ளினாள். "இன்னா. ஊருக்கு வந்தாச்சுல்லா. ரெண்டு வாழக்கா அரி."

"நாளைக்கு வாசிச்ச பொறவு எத்தன வேணும்னாலும் அரியுகேன் மாமி. இன்னைக்கு முடியாது."

"அப்போ நாளைக்கு உள்ள அவியல நாங்க நாளக்கழிச்சு திங்கணுமா?"

பாயில் சிரிப்பு. இவளும் சிரித்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஞானபாய் அக்கா பக்கத்தில் இருந்த பெரிய வெள்ளைப் பூசணியை, எங்கள் பேச்சில் தடியங்காயை, மடிக்கு இழுத்து, இரண்டாகப் பிளந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "தள்ளையத் தூக்காத கை தடியங்காயத் தூக்குமா?"

கத்திச் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. இவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதில் உயிர் இல்லை. அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்; முடியவில்லை; உட்கார்ந்தபடியே பேசினாள்.

"ஞானபாய், தூக்காதேன்னு சொன்னது நான். இத்தன வருஷமா சொல்லிப் பாத்தாச்சு, நீ நம்பல்ல. இனி நான் சொல்லமாட்டேன். நாளைக்கு வந்து முன்னால இரு. கேளு. கேட்டுட்டு அப்பவும் அது ஒண்ணுக்கும் ஆகாத கைதான்னா, நீ சபைக்கு முன்னால சொல்லு. நான் சம்மதிக்கேன்."

"இருக்கேன். எனக்கென்ன பயம்?" என்றாள் ஞானபாய் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் நின்று, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். "பயமா இருக்கா மக்கா?" என்றேன். 

"ராஜா ராணி இருந்த சபையில வாசிச்சிருக்கேன் சித்தி. அவங்க யாரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னவங்க இல்ல."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து, வெளியே பந்தலிலும் ஆட்கள். ஆராதனை முடிந்ததும் பியானோவின் மூடியைத் தூக்கிக் கம்பு கொடுத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் எக்கி எக்கி உள்ளே பார்த்தார்கள். முன் வரிசையில் கை வைத்த நாற்காலியில் அக்கா. பக்கத்தில் நான். எதிர் ஓரத்தில் ஞானபாய் அக்கா, வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல், நீதிபதி மாதிரி. மகள் வந்தாள். ஜெர்மனியில் உடுத்த கறுப்பு இல்லை. அம்மை வாங்கிக் கொடுத்த பச்சைப் பட்டு. குனிந்து வணங்கி உட்கார்ந்தாள். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னாள். வேர்த்துக் கொட்டியது. யாரும் அசையவில்லை.

பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்று துண்டாக இருந்தது. முதல் துண்டு, பேச்சிப்பாறை அணையில் மதகு திறந்துவிட்டால் முதலில் வருகிற தண்ணீர் மாதிரி, குப்பை கூளத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்தது. அது நின்றதும் முடிந்துவிட்டதென்று ஐயர் ஜெபம் பண்ண எழுந்தார். அவள் மறுபடி ஆரம்பித்ததும் பைய உட்கார்ந்தார். இரண்டாம் துண்டு மெல்லியது. தொட்டாளா தொடவில்லையா என்றே தெரியவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. மூன்றாவது துண்டில் கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின. அண்டியாபீஸில் எல்லாக் கட்டைகளும் தட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு நேரம் வரும், அத்தனை பேர் தட்டும் ஒரே தாளத்தில் விழுந்துவிடும். யாரும் சொல்லாமல் தானாக நடக்கும். அந்த நேரத்தில் வலியே தெரியாது. அந்தச் சத்தம் அது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் வலது கை நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் இரண்டு கையாலும் ஓங்கி ஒரு அடி. அது கூரைவரை போய், சுவரில் முட்டி, அடங்கிற்று. அவள் எழுந்து நின்றாள்.

ஒரு சத்தம் இல்லை.

எங்கள் கோயிலுக்குள் கைதட்டுகிற வழக்கம் கிடையாது. அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் எத்தனையோ வருஷமாக, வாசித்து முடித்ததும் அந்த ஆலங்கட்டிச் சத்தம் கேட்டே பழகின உடம்பு. அது வரவில்லை. ஒரு கையைப் பியானோவில் ஊன்றிக்கொண்டு சபையைப் பார்த்தாள். ஞானபாய் அக்காவைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. அக்கா என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

அப்போது ஆண்கள் பக்கத்தில், பாடகர் குழுவில் கட்டைக் குரல் பாடுகிறவர்கள் ஆரம்பித்தார்கள். பாட்டு எந்தச் சுருதியில் நின்றதோ அதே சுருதியில்.

"ஆ..."

நாங்கள் எந்தக் கீர்த்தனையையும் ஞானப்பாட்டையும் முடித்தபின் ஆமென் பாடாமல் விட மாட்டோம். அவர்களுக்கு இதுவும் ஒரு பாட்டு. பாட்டு முடிந்தது, இனி சபை பாட வேண்டும். கட்டைக் குரலின் மேல் ஆண்களின் மேல்குரல் சேர்ந்தது, பெண்களின் கீழ்க்குரல் சேர்ந்தது, எல்லாவற்றுக்கும் மேலே சிறு பெண்களின் குரல் ஏறியது. பந்தலில் நின்றவர்களும் பாடினார்கள். அவ்வளவு பெரிய ஆமென்னை எங்கள் கோயில் கேட்டதில்லை.

அவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் தோளில் துடைத்தாள். நின்றபடியே குனிந்து, சபை இழுத்துக்கொண்டிருந்த ஆமென்னுக்குக் கீழே கட்டைகளைப் பிடித்துக் கொடுத்தாள். "மென்" என்று முடிகிற வரைக்கும் கூடவே வந்தாள். முடிந்தது. ஐயர் ஜெபம் பண்ண எழுந்தார். சபையைப் பார்த்தார். அவரே உட்கார்ந்துவிட்டு, "இன்னொண்ணு உண்டா பிள்ளே?" என்றார்.

உண்டு என்றாள். உட்கார்ந்து வாசித்தாள். அது முடிந்ததும் ஒரு ஆமென். பிறகு இன்னொன்று.

அதற்குள் பந்தலில் சாம்பார் மணம் வந்துவிட்டது. மத்தியானம் தாண்டியாயிற்று. சோறு வடித்துப் பாயில் கொட்டி, அவியல் இறக்கி, இலையும் வெட்டி வைத்தாயிற்று. வைப்புக்காரர், சமையலுக்குப் பெரிய ஆள், கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்று பார்த்தார். வாசல் பக்கம் இருந்தவளிடம் குனிந்து சொன்னார். அவள் முன்னால் இருந்தவளிடம் சொன்னாள். பெஞ்சு பெஞ்சாக அந்தச் செய்தி பெண்கள் பக்கம் முன்னால் வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும் அது யாரிடம் போகிறது என்று. அசனத்தில் பரிமாற முதலில் எழுகிறவள் ஞானபாய் அக்கா. அவள் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். கச்சேரி அத்தோடு முடிந்துவிடும்.

அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

பின்னால் இருந்தவள் ஞானபாய் அக்காவின் தோளைத் தொட்டாள். "எக்கா, வைப்புக்காரரு விளிக்காரு. சோறு ஆறுகாம்."

ஞானபாய் அக்கா கண்ணைப் பியானோவிலிருந்து எடுக்கவில்லை.

"ஆறட்டு" என்றாள்.